கைப்பணிப் பக்கம்: கரையும் கலரும் கரையாத எழுத்தும்





கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதமும், அதனுடன் அவர் அனுப்பிய மூன்று பெருநாள் வாழ்த்து அட்டைகளும் ஒரு கிழமையாக என் மேசையில் கிடக்கின்றன. கடிதத்தில் அவர் சொல்வது இதுதான்:

“ராத்தா, நீரில் கரையும் கிரேயோன் என்று நல்ல காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். றப்பர் முத்திரையால் பூவை அச்சிட்டு, உள்ளே கலர் பூசி, தூரிகையால் தண்ணீர் தொட்டேன். கறுப்புக் கோடெல்லாம் ஊறிப் பூவே சேறாகிவிட்டது. கலர் முடிந்துபோக இன்னொரு பெட்டி வாங்கினேன். அது பார்வைக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் எவ்வளவு தண்ணீர் தொட்டாலும் கரையவே இல்லை. பக்கத்து வீட்டு மாமி 40 கார்ட் கேட்டு முற்பணமும் தந்துவிட்டார். அந்தக் காசும் செலவாகிவிட்டது. இனி நான் என்ன செய்வது?”

அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கை நல்ல கை. பூவை வைத்த இடமும் கலர் சேர்த்த விதமும் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. பிழை கையில் இல்லை, சாமானில்தான். இதே பிழைகளை எல்லாம் நானும் ஒருகாலம் செய்திருக்கிறேன். அதில் ஒன்றை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சகோதரியின் 40 கார்டைக் கவனிப்போம்.

கரையாத பெட்டியிலிருந்து தொடங்கலாம். பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் சாதாரண கிரேயோன் மெழுகில் கலர்த்தூளைக் கலந்து செய்வது. ஓயில் பெஸ்டலில் மெழுகோடு எண்ணெயும் சேர்ந்திருக்கும். மெழுகும் எண்ணெயும் தண்ணீரைத் தள்ளும் என்பது அடுப்படியில் நிற்கும் எவருக்கும் தெரிந்ததே. நீரில் கரையும் கிரேயோனிலும் மெழுகுத்தன்மை உண்டு. ஆனால் தண்ணீர் பட்டதும் அதோடு கலந்துபோகும் விதமாக அதன் கலவையைச் செய்திருப்பார்கள். கடதாசியில் கீறும்போது கிரேயோன், தண்ணீர் தொட்டால் நீர்வர்ணம்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சுவிட்சர்லாந்தின் காரன் டாஷ் கம்பனி செய்யும் நியோகலரை எடுத்துக்கொள்ளுங்கள். நியோகலர் ஒன்று என்பது தண்ணீருக்குக் கரையாது. நியோகலர் இரண்டு என்பதுதான் கரையும். இரண்டும் ஒரே பருமன், ஒரே மாதிரித் தகரப் பெட்டி. பெயருக்குப் பின்னால் உள்ள இலக்கத்தைக் கவனிக்காமல் வாங்கினால் காசு போய்விடும். (ஜெனீவாவில் 1915இல் தொடங்கிய இந்தத் தொழிற்சாலைக்குப் பெயர் வந்தது பென்சிலைக் குறிக்கும் ‘கரந்தாஷ்’ என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து. அந்தச் சொல்லும் துருக்கி மொழியில் கறுப்புக் கல் என்று பொருள்படும் ‘கரா தாஷ்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். நம் கருங்கல்லை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.)

இவ்வளவு விலையான சாமான்தான் வேண்டுமென்றில்லை. மலிவான பெட்டிகளிலும் நல்லவை இருக்கின்றன. கடையில் நின்றுகொண்டே சோதிக்கலாம். கடைக்காரரிடம் கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் தடிப்பாக ஒரு கோடு இழுங்கள். விரலை நனைத்து அந்தக் கோட்டின்மேல் தேயுங்கள். விரலோடு கலர் இழுபட்டுக் கடதாசியில் பரவினால் வாங்கலாம். தண்ணீர் முத்துமுத்தாக நின்று கோடு அசையாமல் இருந்தால் அது சாதாரண கிரேயோன். பெட்டியில் தூரிகைப் படம் போட்டிருக்கிறது என்பதை மட்டும் நம்பவேண்டாம்.

ஏமாந்து வாங்கிய இரண்டாவது பெட்டியை எறிந்துவிடாதீர்கள், சகோதரி. அதற்கும் வேலை இருக்கிறது. அதிலுள்ள வெள்ளைக் கிரேயோனால், இல்லாவிட்டால் வீட்டிலுள்ள மெழுகுதிரியால், வெள்ளைக் கடதாசியில் பிறையும் நட்சத்திரமும் அழுத்திக் கீறுங்கள். ஒன்றும் தெரியாது. பிறகு கரையும் கிரேயோனில் கருநீலத்தைத் தண்ணீரில் கரைத்து அகலத் தூரிகையால் மேலே ஓட்டிவிடுங்கள். மெழுகு இருந்த இடமெல்லாம் தண்ணீரைத் தள்ளிவிட, இரவு வானத்தில் வெள்ளைப் பிறை தெளிந்து வரும். சிறு பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு பின்னேரம் முழுக்க வீடு அமைதியாக இருக்கும்.

அடுத்தது கறுப்புக் கோடு ஊறிய கதை. சகோதரி பாவித்தது அலுவலகங்களில் கடிதத்துக்கு முத்திரை குத்தும் சாதாரண மைப்பெட்டி என்று நினைக்கிறேன். அட்டையில் கறுப்பு ஊறிய இடத்தின் ஓரத்தில் ஊதா நிறம் தெரிகிறது. இந்த மை தண்ணீர் பட்டால் ஓடும். அச்சிட்ட பிறகு தண்ணீர் தொடுவதாக இருந்தால் தண்ணீருக்குக் கரையாத மை கட்டாயம் வேண்டும். புத்தகக்கடையில் கேட்கும்போது ‘பெர்மனன்ட்’ அல்லது ‘வோட்டர்புரூஃப்’ என்று எழுதியதைக் கேளுங்கள். இங்கும் விரல் சோதனைதான். அச்சிட்டு, நன்றாகக் காயவிட்டு, ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். நம் நாட்டின் ஈரக்காற்றில் சில மைகள் காய ஒரு நாள்கூட எடுக்கும். அவசரப்படவே கூடாது. நான் முதல் நாள் எல்லாவற்றையும் அச்சிட்டுப் பாயில் பரப்பிவிடுவேன். கலர் வேலை அடுத்த நாள்தான்.

கோடு காய்ந்த பிறகும் கலரை உள்ளே முழுக்கப் பூச வேண்டாம். இதழின் அடியில், நிழல் விழும் பக்கத்தில் மட்டும் கோட்டை ஒட்டிக் கொஞ்சம் கீறுங்கள். தூரிகையை நனைத்து, துணியில் ஒருதரம் ஒற்றி, கலரிலிருந்து வெள்ளையை நோக்கி இழுங்கள். அடியில் கடுமையாகவும் நுனியில் மெல்லியதாகவும் கலர் தானே பிரிந்துகொள்ளும். சகோதரியின் அட்டைகளில் இதழ் முழுக்கக் கலர் அப்பியிருக்கிறது. கோடு ஊறாமல் இருந்திருந்தாலும் அது கனத்துத்தான் போயிருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த முறையைச் சொல்கிறேன். இதற்கு மைப்பெட்டியே வேண்டாம். கிரேயோனை நேராக றப்பர் முத்திரையின் மேலேயே பூசுவது.

காய்ந்த முத்திரையைக் கையில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மேடாக இருக்கும் இடங்களில் கிரேயோனைத் தேயுங்கள். இலை என்றால் முதலில் முழுவதும் மஞ்சள், பிறகு அடியில் பச்சை, நுனியில் கொஞ்சம் மண்நிறம். வெளிறிய கலர் முதலில், கடும் கலர் பிறகு. மாறிச் செய்தால் மஞ்சள் கிரேயோனின் முனை அழுக்காகிவிடும். பள்ளங்களில் விழுந்த துகளை ஊதிவிடுங்கள். உடுப்பு அயன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கும் போத்தல் வீட்டில் இருக்குமே, அதை ஓர் அடி தூரத்தில் பிடித்து இரண்டு தரம் விசிறுங்கள். பனி விழுந்ததுபோல் இருந்தால் போதும். ஐந்து எண்ணும்வரை பொறுத்து, கடதாசியில் நேராக வைத்து அழுத்துங்கள். அசைக்காதீர்கள். நேராகத் தூக்குங்கள்.

கடதாசியில் வந்து நிற்கும் இலையை முதன்முதல் பார்க்கும்போது எல்லோரும் “அட!” என்றுதான் சொல்வார்கள். மஞ்சளும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து, மரத்திலிருந்து இப்போதுதான் விழுந்த பழுத்த இலைபோல் இருக்கும். தண்ணீர் கூடினால் குளமாகி உருவமே போய்விடும். குறைந்தால் திட்டுத்திட்டாக வரும். அந்தத் திட்டும் சிலநேரம் நன்றாகத்தான் இருக்கிறது. பத்துத் துண்டுக் கடதாசியில் பழகினால் உங்கள் போத்தலுக்கு எத்தனை விசிறல் என்று கைக்குத் தெரிந்துவிடும். முதல் அச்சு எடுத்ததும் முத்திரையைக் கழுவாமல் இன்னொருதரம் தண்ணீர் விசிறி அச்சிட்டால் வெளிறிய நிழல்போல் இன்னொன்று கிடைக்கும். கடித உறையின் மூலைக்கு அதுவே பொருத்தம்.

இந்த முறைக்கு மெல்லிய கோடுகள் உள்ள முத்திரை சரிவராது. கிரேயோன் கோட்டை விட்டுப் பள்ளத்தையும் நிரப்பிவிடும். நிரம்பிய உருவமாக, இலை, பிறை, விளக்கு, மாதுளம்பழம் என்று தடிப்பாக உள்ளவைதான் வேண்டும். அப்படிப்பட்ட முத்திரையை விலைக்கு வாங்கத் தேவையில்லை. பிள்ளைகளின் அழிறப்பரிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

வெட்டுவதற்கு முன் ஒரு விஷயம். முத்திரையில் உள்ளது கடதாசியில் இடம் வலமாகத் திரும்பித்தான் விழும். இலைக்கும் பூவுக்கும் அதனால் ஒன்றுமில்லை. எழுத்துக்குத்தான் ஆபத்து. நான் முதன்முதலில் ‘ஈத் முபாரக்’ என்பதை அரபியில் எழுதி, கண்ணால் பார்த்தபடியே அழிறப்பரில் அரைநாள் இருந்து வெட்டினேன். அச்சிட்டுப் பெருமையோடு அவரிடம் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “இதை வாசிக்கிறவங்களுக்கு ஒரு கண்ணாடியும் சேர்த்து அனுப்பு” என்றார்.

அதன்பிறகு கற்றுக்கொண்ட வழி இது. மெல்லிய கடதாசியில் 2பி அல்லது 4பி பென்சிலால் உருவத்தைச் சரியான திசையிலேயே அழுத்திக் கீறுங்கள். அந்தப் பக்கத்தை அழிறப்பரின்மேல் குப்புற வைத்து, பின்பக்கத்தைக் கரண்டியின் முதுகால் தேயுங்கள். பென்சில் கரி அழிறப்பரில் இறங்கிவிடும், திரும்பிய வடிவத்தில். அதைப் பார்த்து வெட்டினால் கடதாசியில் நேராக விழும். வெட்டும்போது அலகைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துப் பிடியுங்கள். அப்போதுதான் மேட்டின் அடி அகலமாக நின்று தாங்கும். உட்பக்கமாகச் சரித்தால் அடி மெலிந்து, நாலு தரம் அழுத்த ஓரம் பிய்ந்துவிடும். பிடித்திருக்கும் விரலை நோக்கி அலகை இழுக்கவேண்டாம். பிள்ளைகளுக்கு அலகைக் கொடுக்கவே வேண்டாம். அவர்களுக்கு வெண்டைக்காயைக் குறுக்காக வெட்டிக் கொடுத்தால் ஐந்து இதழ்ப் பூ ரெடி. ஈரம் உள்ள மரக்கறியில் கிரேயோன் பிடிக்காது. ஐஸ்கிரீம் மூடியில் கிரேயோனைத் தேய்த்து, ஈரத் தூரிகையால் எடுத்துப் பூசவேண்டும்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. அல்லாஹ்வின் திருநாமத்தையும் குர்ஆன் ஆயத்துகளையும் நான் முத்திரையாக வெட்டுவதில்லை. பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் வீடு கூட்டும்போது வாழ்த்து அட்டை எங்கே போய் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். கொடியும் பிறையும் விளக்கும் எனக்குப் போதும்.

றப்பர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பச்சை றப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று அமெரிக்காவின் சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டதன் பின்னர்தான் றப்பர் முத்திரை என்ற சாமானே உருவாக வழி பிறந்தது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் காட்டிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகள் அங்கே முளைக்க, அந்தக் கன்றுகள் நம் நாட்டுக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். ஆனால் இன்று நாம் ஆசையாக வெட்டும் வெள்ளை அழிறப்பரில் பெரும்பாலும் றப்பரே கிடையாது, வைனில் என்ற பிளாஸ்டிக்தான். வெட்ட அதுதான் வசதியும்கூட.

கடதாசி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சித்திரக் கொப்பித் தாள் தண்ணீர் பட்டால் அலைஅலையாகச் சுருளும். பளபளக்கும் அட்டையில் கலர் பிடிக்காது. தடிப்பான மங்கல் அட்டை, 200 கிராமுக்குக் குறையாமல், வேண்டும். பிரிஸ்டல் போட்டும் பரவாயில்லை, தண்ணீரைக் குறைத்துக்கொண்டால். ஏ4 தாள் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் 105 மில்லிமீற்றருக்கு 148 மில்லிமீற்றர் அளவில் இரண்டு கார்ட். ஆகவே சகோதரிக்கு 20 தாள் போதும், பழுதாவதற்கு 3 சேர்த்து 23 என்று வைத்துக்கொள்ளுங்கள். மை முடிந்த குமிழ்முனைப் பேனையால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் மடிப்பு வெடிக்காது.

இப்போது நான் சொல்கிறேன் என்று சொன்ன விஷயம்.

1993ஆம் வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் மாதத் தொடக்கத்தில் வந்தது. நான் கலியாணமாகி மாவனல்லைப் பக்கம் வந்து சில வருடங்கள். உம்மா வெலிகமையில். ஜித்தாவில் வேலைசெய்த நானா லீவில் வந்தபோது பத்துக் கலர் உள்ள நீரில் கரையும் கிரேயோன் பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்திருந்தார். அப்படி ஒரு சாமானை நான் அதற்கு முன் கண்டதே இல்லை. அந்தப் பெருநாளைக்கு ஊருக்குப் போக முடியாத நிலை. மூத்த மகள் கைப்பிள்ளை, எனக்கும் சுகமில்லை. அதற்கு முந்திய வருகையில் உம்மாவோடு ஒரு சின்ன விஷயத்துக்குக் கோபப்பட்டு, சரியாகச் சலாம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறியிருந்தேன். வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடுவோம் என்று நினைத்தேன்.

மூன்று இரவு இருந்து அந்த அட்டையைச் செய்தேன். வெளியே மாதுளங்கொடி. உள்பக்கம் முழுவதும் கிரேயோனால் வான்நீலம் பூசி, தண்ணீர் ஓட்டிக் காயவைத்தேன். அந்த நீலத்தின்மேல், வடிவாக இருக்கட்டும் என்று, பெல்ட் பேனையால் பக்கம் நிறைய எழுதினேன். எழுதியதைத் திரும்ப வாசித்தால் அனுப்ப மனம் வராது என்று, வாசிக்காமலே ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.

தெற்கே ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தபாற்காரர் வந்த நேரம் மழை. கேட்டில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. உம்மா லுஹர் தொழுதுவிட்டு வந்துதான் கண்டிருக்கிறார்.

பெருநாள் முடிந்து பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு உம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன்.

“மகள், கார்ட் வந்தீக்கி. மேல உள்ள பூ நல்லா ஈக்கி. உள்ளுக்குத்தான் எல்லாம் நீலமாக் கலங்கி ஒண்டும் வெளங்கல்ல. என்னத்த எழுதின நீங்க?”

பக்கத்து வீட்டு ஆட்களும் அங்கே இருக்கிறார்கள், என் பக்கத்திலும் ஆட்கள். “ஒண்டுமில்ல உம்மா, பெருநாள் வாழ்த்துத்தான்” என்றேன்.

“அதுக்கு இவ்வளவு எழுத்தா?” என்று உம்மா சிரித்தார். “சரி, வாங்களே, வந்து வாசிச்சுக் காட்டுங்க.”

அடுத்த நோன்புக்குப் போய்க் காட்டலாம் என்று இருந்தேன். அதற்கு முன்பே உம்மா வபாத்தாகிவிட்டார்.

அட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உம்மா அதை அலுமாரியில் உடுப்புக்கடியில் வைத்திருந்தார். நீலத்துக்குள் சில இடங்களில் பேனை அழுத்திய தடம் மட்டும் தெரியும். வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ‘உம்மா’ என்ற முதல் சொல்லைத் தவிர வேறு எதையும் என்னால் எடுக்க முடியவில்லை. உறையின்மேல் குமிழ்முனைப் பேனையால் எழுதிய விலாசம் மட்டும் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை.

நீரில் கரையும் கலர் காய்ந்த பிறகும் நீரில் கரையும். பெட்டியில் அது எழுதியிருக்காது, அல்லது எழுதியிருந்தாலும் நாம் வாசிப்பதில்லை. சாதாரண நீர்வர்ணமாவது கடதாசிக்குள் கொஞ்சம் ஊறிப் பிடித்துக்கொள்ளும். கிரேயோனைத் தடிப்பாகப் பூசினால் அது மேற்பரப்பிலேயே நின்று, ஒரு சொட்டு விழுந்தால் எழும்பி ஓடும். வியர்த்த விரல் பட்டாலும் கறைபடும். பெல்ட் பேனையின் மையும், ஊற்றுப்பேனையின் மையும் பெரும்பாலும் அதே இனம். நான் ஓடும் கலரின்மேல் ஓடும் மையால் எழுதியிருந்தேன்.

ஆகவே சகோதரி, அந்த 40 அட்டையிலும் கலர் வெளியே இருக்கட்டும். உள்ளே எழுதும் இடத்தில் ஒரு துளிகூடக் கலர் வேண்டாம். அலங்காரம் வேண்டுமானால் மூலையில் முத்திரையின் வெளிறிய இரண்டாம் அச்சு ஒன்று போதும். வாழ்த்தைத் தனி வெள்ளைத் தாளில் எழுதி உள்ளே ஒட்டினால் இன்னும் நல்லது. குமிழ்முனைப் பேனையால் எழுதுங்கள், அதன் மை எண்ணெய் சேர்ந்தது, தண்ணீருக்கு இலகுவில் ஓடாது. பென்சில் அதைவிட உறுதி. கரி எந்தத் தண்ணீருக்கும் கரையாது. அழகில்லை என்று நினைக்கவேண்டாம். எழுதிய அன்று இருக்கும் அழகை விட, பத்து வருடம் கழித்து வாசிக்க முடிவதைத்தான் நான் பார்ப்பேன்.

வெளிப்பக்கக் கலரைக் காக்க, படம் வரைவோர் பாவிக்கும் அக்ரிலிக் வார்னிஷ் விசிறியை மெல்லிதாக இரண்டு தரம் அடிக்கலாம். ஒருதரம் அடித்துக் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரேயடியாக நனைய அடித்தால் அதுவே கலரைக் கரைத்துவிடலாம். யன்னலைத் திறந்துவைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். தலைமுடிக்கு அடிக்கும் விசிறி போதும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி மழையில் அனுப்ப நான் தயாரில்லை. செலவில்லாத வழி, அட்டையை மெல்லிய பொலித்தீன் உறைக்குள் போட்டு, பிறகு கடித உறைக்குள் வைப்பது. நான் இன்றுவரை அப்படித்தான் அனுப்புகிறேன்.

சாமான்களைப் பற்றியும் ஒரு சொல். முத்திரையை ஈரத்துணியால் துடையுங்கள், பள்ளத்துக்குப் பழைய பல் பிரஷ். மரக்கட்டையில் ஒட்டிய முத்திரையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பசை விட்டுவிடும். மண்ணெண்ணெயும் வெயிலும் றப்பருக்கு ஆகாது. கிரேயோனை யன்னலோரம் வைத்தால் நம் வெயிலுக்கு வளைந்துபோகும்.

பழுதாகிப்போன அட்டைகளையும் எறிய வேண்டாம். சேறாகாமல் தப்பிய இதழ்களையும் இலைகளையும் கத்தரித்தெடுத்து, புதிய அட்டையில் ஒட்டுங்கள். சகோதரி அனுப்பிய மூன்றிலிருந்து மட்டுமே ஐந்து நல்ல பூ எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துவிட்டேன். மாமியிடம் இன்றே போய், சாமான் பிழைத்துவிட்டது, இன்னும் பத்து நாள் தாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். அச்சிட ஒரு நாள், காய ஒரு நாள், கலருக்கு மூன்று நாள், எழுதி ஒட்ட இரண்டு நாள். மூன்று நாள் மழைக்கு.

இப்போது பெருநாள் வாழ்த்தெல்லாம் கைத்தொலைபேசியில் வந்து குவிகிறது. எனக்கும் வருகிறது, நானும் அனுப்புகிறேன். அன்று கைப்பிள்ளையாக இருந்த மூத்த மகள் இப்போது கட்டாரில் இருக்கிறாள். ஒவ்வொரு பெருநாளைக்கும் அவளுக்கு ஒரு அட்டை போகிறது, வெளியே கிரேயோன் கலரில் மாதுளங்கொடி, உள்ளே பென்சில் எழுத்து. எழுதி முடித்ததும் இப்போது ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். கிடைத்ததும் அவளும் தொலைபேசியில் கூப்பிட்டு, எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டுவாள்.

105க்கு 148 அட்டைக்குக் கடையில் சி6 என்று கேட்டால் 114க்கு 162 மில்லிமீற்றர் உறை தருவார்கள், சரியாக இருக்கும். வாங்காமல் பழைய கலண்டர் தாளில் வீட்டிலேயே உறை செய்வது எப்படி என்பதை இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் பார்ப்போம். கலண்டரை எறிந்துவிடாமல் எடுத்துவையுங்கள்.